தாமான் கடையில் ஒரு தட்டுச் சோறு

(சங்கத்தின் பொன்விழாச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரை)



சங்கத் தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் உட்கார்ந்து கைப்பேசி பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, எல்லாரும் பசியாறிவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவன் பசித்தவர்கள் முன்னால் நிற்கக் கூடாது.

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'பினாங்கில் நம் உணவுப் பாரம்பரியம்'. அந்தத் தலைப்பில் பேச வருகிற எல்லாரும் கெம்பல் தெருவில்தான் தொடங்குவார்கள். 1907இல் தொடங்கிய ஹமீதியாவைச் சொல்வார்கள், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கத்தில் இரவில் நிற்கும் வரிசையைச் சொல்வார்கள். அவற்றைப் பற்றி எனக்கும் பெருமை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் போன மாதம் கெம்பல் தெருவில் சாப்பிட்டீர்கள்? கையைத் தூக்குங்கள். மூன்று பேர். அதில் ஒருவர் வெளியூர் விருந்தாளியை அழைத்துப் போனதாகச் சொல்கிறார். வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது, பாவம். நாம் அன்றாடம் சாப்பிடுவது பாயான் பாருவில், ரெலாவில், சுங்கை டுவாவில், அக்கரையில் செபராங் ஜெயாவில், வீட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் உள்ள கடையில். அந்தக் கடைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இன்று நான் பேசப் போவது அவற்றைப் பற்றித்தான்.

என் அத்தா இராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து 1930களில் கப்பலேறி வந்தவர். அப்போது அவருக்கு வயது பதினைந்தோ பதினாறோ. அவருக்கே சரியாகத் தெரியாது. தோளில் கண்டார் கம்பு, ஒரு பக்கம் சோற்றுக்கூடை, இன்னொரு பக்கம் கறிச்சட்டிகள். விடிவதற்குள் பெங்காலான் வெல்ட் படகுத்துறையில் இருக்க வேண்டும். மூட்டை தூக்குகிறவர்கள் வேலைக்கு இறங்கும் முன் சாப்பிடுவார்கள். கூலிக்காரன் கடையைத் தேடி வரமாட்டான், கடைதான் அவன் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பார் அத்தா. அவருடைய வலது தோளில் காய்த்துப்போன ஒரு மேடு கடைசிவரை இருந்தது. சின்ன வயதில் நாங்கள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம்.

நாசி கண்டார் என்ற பெயரில் அந்தக் கம்பு இன்னும் இருக்கிறது. தொழிலிலும் அந்த வழக்கம் போகவில்லை என்பது என் எண்ணம். ஐம்பதுகளில் கம்பை இறக்கிவைத்துவிட்டுச் சூலியா தெருப் பக்கம் ஒரு கடையின் முகப்பை வாடகைக்குப் பிடித்தார் அத்தா. துறைமுகமும் கிட்டங்கிகளும் இருந்தவரை அங்கே கூட்டம் இருந்தது. 1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி போயிற்று. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வந்தன. அதுவரை வயலும் கம்பமுமாக இருந்த இடத்தில் மூன்று ஷிப்டு வேலை. இரவு பதினொரு மணிக்குச் சீருடையோடு நூற்றுக்கணக்கான பெண்கள் பேருந்திலிருந்து இறங்குவார்கள். அவர்களுக்கு அந்த நேரத்தில் சோறு வேண்டும். அத்தாவின் கூட்டாளிகளில் இரண்டு மூன்று பேர் அப்போதே அந்தப் பக்கம் போய்விட்டார்கள். தாமான் கடைகள் இரவு முழுக்கத் திறந்திருப்பதை இப்போது நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். பினாங்கைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்தில் பாதி தொழிற்சாலைச் சங்கொலியிலிருந்து வந்தது. மீதியைச் சுங்கை டுவாவில் விடிய விடியப் படிக்கிற, அல்லது படிப்பதாகச் சொல்கிற, பல்கலைக்கழக மாணவர்கள் கொடுத்தார்கள்.

அடுத்த இடம்பெயர்வு நம்மில் பலருக்கு நேரடியாகத் தெரியும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு முடிந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் வாடகை ஏறியது, குடும்பங்கள் வெளியேறின. அப்போது அத்தா இல்லை, 1988இலேயே காலமாகிவிட்டார். கடையை நடத்தியவன் என் தம்பி. 2001இல் அவன் சட்டிகளையும் பழைய ரொட்டிக்கல்லையும் லாரியில் ஏற்றிக்கொண்டு பாயான் பாருவுக்குப் போனான். நானும் கூடப் போய்ச் சாமான் இறக்கினேன். முதல் நாள் காலை வந்த வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் சூலியா தெருவில் பார்த்த முகங்கள். அவர்களும் அங்கே குடிவந்திருந்தார்கள்.

நான் 2007இல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இதுவரை சாப்பிடாத ஒரு தாமான் கடைக்குப் போவது. முன்பு தனியாக, இப்போது பேரனோடு. பெயர்ப்பலகையை நான் பார்ப்பதில்லை. எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி விளக்குப் போட்ட பலகைதான். உள்ளே யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பேன். வேலை உடுப்பில் இருப்பவர்களும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தால் உட்காருவேன். முதலில் தே ஓ. தே தாரேக் கேட்டால் கெட்டிப்பால் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். பால் ஊற்றாத தேயில் தூள் எப்போது போட்டது என்று நாக்குச் சொல்லிவிடும். பிறகு ரொட்டி கோசோங் ஒன்று. மாவு எண்ணெயில் நன்றாக ஊறியிருக்கிறதா, கல்லிலிருந்து எடுத்ததும் இரு கையாலும் அடித்து உதிர்த்தாரா என்று பார்ப்பேன். சீஸ், ஐஸ்கிரீம் எல்லாம் போட்டு இப்போது ரொட்டி வருகிறது. பேரன் அதைத்தான் கேட்பான். நான் ஒன்றும் சொல்வதில்லை, காசு மட்டும் கொடுப்பேன்.

உண்மையான பரீட்சை பதினொரு மணிக்குச் சோறு இறங்கும்போது. குவா சம்பூர் என்று கேட்டால் பல கடைகளில் கைக்கு வந்த கரண்டியை எடுத்துக் கலந்து ஊற்றிவிடுகிறார்கள். அத்தா அப்படிச் செய்யமாட்டார். முதலில் இறைச்சிக் கறியின் கெட்டிக் குழம்பு, அதுவும் சோற்றின் ஓரத்தில். அடுத்து கோழி ஆணம். கடைசியில் மீன் ஆணம், அதன் புளிப்பு மேலே நிற்க வேண்டும் என்பதற்காக. பருப்பைக் கேட்டால்தான் ஊற்றுவார்; அது மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுமாம். ஆள் உட்காரும்போதே அவர் முகத்தைப் பார்த்து அளவை மாற்றுவார். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவனுக்கு ஒரு மாதிரி, சம்பள நாளில் வந்தவனுக்கு ஒரு மாதிரி. ரெலாவில் ஒரு கடையில் இதே வரிசையில் ஊற்றுகிற ஒருவரைப் போன வருடம் பார்த்தேன். தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொன்னார். வங்காளதேசத்துக்காரர். பதினான்கு வருடமாக அதே கடையில் இருக்கிறாராம். கடையின் பழைய முதலாளி, நம்மவர், கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தாராம்.

அவரிடம்தான் கேட்டேன், உங்கள் ஆட்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று. அவர் சொன்ன இடத்துக்கு அடுத்த ஞாயிறு போனோம். பாயான் லெப்பாஸில் தொழிலாளர் விடுதிகளுக்குப் பின்னால் ஒரு கடைவரிசையின் கோடியில், வங்காள எழுத்தில் பலகை. பேரன் வாசலிலேயே தயங்கினான். "இது நம்ம கடை இல்லையே தாத்தா" என்றான். உள்ளே எட்டு மேசை. இரவு வேலை முடித்து வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சோறு, பருப்பு, மீன். உருளைக்கிழங்கை அவித்து, வெங்காயமும் காய்ந்த மிளகாயும் கடுகெண்ணெயும் சேர்த்துப் பிசைந்த ஆலு பர்த்தா. கடுகெண்ணெய் காரம் மூக்கில் ஏறியது. பேரன் இரண்டாவது முறை சோறு வாங்கினான்.

காசு கொடுக்கப் போனபோது மேசையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் விரிந்திருந்தது. மேலட்டையில் 555. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் புத்தகம் தெரியும். பக்கத்துக்கு ஒரு பெயர், கீழே தேதி, சாப்பிட்ட கணக்கு, சம்பளம் வந்ததும் குறுக்கே ஒரு கோடு. அத்தாவிடம் அப்படி நாற்பது ஐம்பது புத்தகம் இருந்தது. தமிழ்ப் பெயர், மலாய்ப் பெயர், சீனப் பெயர் எல்லாம் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பார். இந்தக் கடைக்காரர் வங்காளத்தில் எழுதியிருந்தார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் "அந்நியர்கள் வந்து நம் தொழிலைக் கெடுத்துவிட்டார்கள்" என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. 2016 முதல் பினாங்கில் பெயர்பெற்ற சில உள்ளூர் உணவுகளை ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ருசி மாறிவிடக் கூடாது என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. என் நாக்குக்கும் அதே கவலைதான். ஆனால் அந்த விதி 1935இல் இருந்திருந்தால் என் அத்தா சட்டியை இறக்கியிருக்க முடியாது. நாசி கண்டார் என்ற ஒன்றே இருந்திருக்காது.

ருசி போவதற்குக் காரணம் தேடினால் நான் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். அத்தா என்னைப் படி என்றார், படித்தேன். என் மகனை நான் படி என்றேன்; அவன் பொறியாளர், எந்தத் தொழிற்சாலைக்கு அவன் பாட்டனாரின் கூட்டாளிகள் சோறு கொண்டு போனார்களோ அதே வட்டாரத்தில் வேலை செய்கிறான். தம்பியின் பிள்ளைகளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் கடைக்கு வருகிறேன் என்று சொன்ன ஒரே பிள்ளையை, தம்பியின் இளைய மகனை, உட்காரவைத்து இரண்டு மணி நேரம் புத்தி சொன்னவன் நான். அதிகாலை மூன்று மணிக்கு எழ வேண்டும், பெருநாள் தவிர விடுமுறை கிடையாது, எண்ணெய்ப் புகை என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. அவன் கேட்டுக்கொண்டான். 2019இல் ஆள் கிடைக்காமல் தம்பி கடையை மூடினான். ரொட்டிக்கல்லைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார். அதை எனக்குச் சொன்னது அடுத்த நாள்தான். முதல் நாளே சொல்லியிருந்தால் எடுத்து வைத்திருப்பேன். வைத்து என்ன செய்திருப்பேன் என்று மனைவி கேட்டாள். பதில் இல்லை.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக். மூன்றில் இரண்டு நம்மவர் கல்லிலும் குவளையிலும் வளர்ந்தவை. அந்தச் செய்தியைக் கைப்பேசியில் எனக்கு அனுப்பியவர்கள் பதினேழு பேர். நான் உடனே தம்பியின் மனைவியைக் கூப்பிட்டேன். எங்கள் கடையின் மீன் ஆணத்துக்கு மசாலா கடையில் அரைத்ததில்லை. முதலில் உம்மாவும், பிறகு தம்பி மனைவியும் வீட்டில் அரைத்துக் கொடுத்தது. பக்குவத்தைச் சொல்லம்மா, எழுதிக்கொள்கிறேன் என்றேன். "கை அளவு மச்சான், எழுத்தில் எப்படிச் சொல்றது" என்றாள். இப்போது வாரம் ஒரு நாள் அவள் அரைக்கும்போது பேரன் தராசோடு பக்கத்தில் உட்காருகிறான். அவள் கைப்பிடியை அவன் எடை போட்டு எழுதுகிறான். கொத்தமல்லி வரை முடிந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் எடை மாறுவதாகப் புகார் சொல்கிறான்.

சங்கத்திடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. ஐம்பதாண்டு மலர் போடுகிறோம். தலைவர்கள் படம், நன்கொடையாளர் படம் எல்லாம் வரட்டும். அவற்றோடு ஒவ்வொரு தாமானிலும் நம்மவர் முதலில் கடை வைத்தது எந்த வருடம், எந்த ஊரிலிருந்து வந்தவர், வீட்டில் மசாலா அரைத்தது யார் என்று நான்கு பக்கம் போடுங்கள். கேட்டுச் சொல்ல இப்போது ஆள் இருக்கிறது. ரெலாவில் கரண்டி பிடிக்கும் அந்த வங்காளதேசத்துத் தம்பியிடமும் கேளுங்கள். நம் பிள்ளைகளைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

முடிக்கும் முன் ஒன்று. தம்பி கடையை ஒழித்தபோது அத்தாவின் 555 புத்தகங்களில் மூன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். 1975ஆம் ஆண்டுப் புத்தகம் இதோ என் கையில். நம் சங்கத்தின் முதல் கூட்டம் சூலியா தெருக் கடையின் பின்கட்டில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு நடந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்குச் சாட்சி இந்தப் பக்கம். அத்தாவின் கையெழுத்தில், 'சங்கம் - தே 11, ரொட்டி 9, முட்டை 2'. மற்ற பக்கங்களில் எல்லாம் குறுக்கே கோடு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கோடு இல்லை. பொருளாளர் அவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பார்க்கவும்.