அரிசிப் பை கொடுத்தால் போதுமா?

(கெடா தோட்டப்புறக் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவைப் பற்றி முதலில் சொல்கிறேன். லயத்தில் பிறந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டம் விற்கப்பட்டதும் பட்டணத்தில் மலிவு விலை வீட்டுக்கு வந்தார். கணவர் இல்லை. தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன மகன், வழியில் விபத்துக்குள்ளாகி ஒரு காலை இழந்துவிட்டான்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த அம்மாவுக்கு அரிசிப் பை கிடைக்கும். கூடவே ஒரு படமும் எடுப்பார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் ஓர் உண்மை தெரிந்தது. சமூகநல இலாகாவில் அவர் பெயரில் ஒரு மனுகூட இல்லை! மகனுக்காக சொக்சோவுக்கும் யாரும் போகவில்லை. அரிசி கொடுத்தவர்களில் நானும் ஒருவன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்துக்கும் சொக்சோ சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. அந்தச் சட்டம் வந்தது 1969இல். வருமானமில்லாத முதியவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்குத் தனி அட்டை உண்டு. இவை பிச்சை அல்ல, நம் உரிமை. ஆனால் பாரம் மலாய் மொழியில் இருக்கிறது. அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி இருக்கிறது. முகப்பில் ஒரு கேள்வி கேட்டதும் நம் ஆள் திரும்பி வந்துவிடுகிறார். அவருடன் போக யாரும் இல்லை.

நம் முன்னோர் இப்படி இருந்தார்களா? போருக்குப் பிறகு, 1946-47 ஆண்டுகளில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. நம் நாட்டில் சமூகநல இலாகா அமைக்கப்பட்டதும் அதே 1946இல்தான். இலாகா வந்து காப்பாற்றும் என்று அந்தத் தொழிலாளர்கள் காத்திருக்கவில்லை. சம்பளத்தை விழுங்கிய கள்ளுக்கடையின் முன் மறியல் செய்தார்கள். குடியை விடு என்று சொன்ன அதே வாயால் கூலியையும் மரியாதையையும் கேட்டார்கள். அதனால்தான் 1947இல் போலீஸ் அடக்குமுறை அவர்கள் மேல் பாய்ந்தது. உயிர்ப்பலியும் நேர்ந்தது. பலர் சிறை சென்றார்கள்.

பின்னர் வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்த நேரத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? நம் கெடாவின் புக்கிட் சீடிம்! ஆண்டு 1961.

இரண்டிலும் பாடம் ஒன்றே. பாதிக்கப்பட்டவர்களே முன்னே நின்றார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் கூட நின்றார்.

லயத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். இன்று அடுக்குமாடியில் கதவு சாத்திக் கிடக்கிறது. ஆகவே ஒவ்வொரு குடியிருப்பிலும் இரண்டு பேர் முன்வாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார் வீட்டில் முதியவர், யாருக்கு அடையாள அட்டை இல்லை, யார் வேலை விபத்தில் அடிபட்டவர் என்று எழுதுங்கள். அவர்கள் குடும்ப விஷயத்தை ஊரில் பேசாதீர்கள். மலாய் எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் பாரத்தை நிரப்பட்டும். அலுவலகத்துக்குக் கூடவே போங்கள். மனுவின் நகலையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் போங்கள். வீட்டில் அடி உதை, குழந்தைக்கு ஆபத்து என்றால் 15999 எண்ணுக்கு அழையுங்கள். அது இரவு பகல் இயங்கும் அரசு உதவி எண்.

அரிசி கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பசித்தவனுக்குச் சோறு முதலில்தான். ஆனால் அரிசிப் பை பத்து நாளில் தீர்ந்துவிடும். உரிமையைப் பெற்றுக் கொடுத்தால் மாதா மாதம் அடுப்பு எரியும்.

அந்த அம்மாவுக்கு இப்போது மனு போட்டிருக்கிறோம். மகன் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது, போராட்டம் கடினம். இன்னொரு வீட்டில் இந்தத் தாமதம் நடக்க விடாதீர்கள்.