தெரிந்து தெளிதல்: வண்டியும் வித்தையும்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் இரண்டு. நம்மிடம் உள்ள மோட்டார் வண்டியைச் சேவிஸ் செய்யவும் பழுது பார்க்கவும் யாரிடம் ஒப்படைப்பது என்பது ஒன்று. நம் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை பயிற்றுவிக்க விரும்பினால் எந்தக் கலையை, எந்த ஆசானிடம் பயிற்றுவிப்பது என்பது மற்றொன்று. கராஜுக்கும் சிலம்பக் களத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கக்கூடும். உறவு உண்டு. இவ்விரண்டிலும் நாம் பணம் கொடுத்துப் பெறும் பொருளின் தரத்தை அப்போதே அறிய முடிவதில்லை. துணி வாங்கினால் தொட்டுப் பார்க்கலாம். அரிசி வாங்கினால் கையில் அள்ளிப் பார்க்கலாம். வண்டியின் பிரேக் செம்மையாயிற்றா என்பதை மலைச்சரிவே சொல்லும். பிள்ளை கற்ற வித்தை மெய்யா என்பதை ஆபத்து வேளையே சொல்லும். அவ்வேளையில் தெரிந்துகொள்வது காலங்கடந்த அறிவு. ஆகையால் முன்னரே தெரிந்து தெளிய வேண்டும். வள்ளுவர் பெருமான் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பது நேயர்கள் அறிந்ததே. அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொன்ன நெறி, தோட்டத்துக் குடும்பம் ஒரு திருத்துநரைத் தேர்வதற்கும் பொருந்தும்.

இப்பொருளை டயகமவை மனத்திற்கொண்டு பேச விரும்புகிறேன். நுவரெலியா மாவட்டத்தில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தே, தேயிலைக்குள் அமைந்த ஊர் அது. அங்கிருந்து அக்கரபத்தனை, லிந்துலை வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும் பாதையை அறிந்தவர்க்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வளைவுக்கு வளைவு கொழுந்து மலை. ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் பள்ளம். மழைக் காலத்தில் நண்பகலிலும் மூடுபனி. பிள்ளைப்பேற்றுக்குச் செல்லும் தாயும், பரீட்சைக்குச் செல்லும் மாணவனும், சந்தைக்குச் செல்லும் மரக்கறியும் இப்பாதையில்தான் இறங்க வேண்டும். முன்னாளில் துரைமாருக்கும் கடைக்காரருக்கும் மட்டுமே வண்டி இருந்தது. இன்று லயத்துப் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைத்த பணத்தில் முச்சக்கர வண்டியும் வேனும் வாங்கி ஓட்டுகிறார்கள். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 தொடக்கத்திலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளையே பேணி ஓட்ட நேர்ந்தது. பழைய வண்டிக்கு நல்ல வைத்தியன் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த வைத்தியனை எவ்வாறு தெரிவது? பலர் முதலில் கேட்கும் கேள்வி, “வண்டி நன்றாக இழுக்குமா?” என்பது. ஏற்றத்தில் திணறாமல் ஏறினால் மகிழ்கிறோம். நான் சொல்வேன்: மலைநாட்டில் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “வண்டி நன்றாக நிற்குமா?” என்பதே. ஏறமாட்டாத வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் நேரம் போகும். நிற்கமாட்டாத வண்டி உயிரைக் கொண்டுபோகும்.

2023 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆந் தேதி நானுஓயா, ரதெல்ல குறுக்குப் பாதையில் நிகழ்ந்ததை மலையகம் மறக்கவில்லை. கொழும்பிலிருந்து பள்ளி மாணவரைச் சுற்றுலா ஏற்றி வந்த பேருந்து ஒன்று சரிவில் கட்டுப்பாடிழந்து, ஒரு வேனிலும் ஒரு முச்சக்கர வண்டியிலும் மோதியது. ஏழு பேர் மாண்டனர். பிரேக் செயலிழந்ததே காரணம் என்று அப்போது கூறப்பட்டது. நாம் இங்கே கருத வேண்டியது ஒன்று: மாண்டவர்கள் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் சென்றவர்கள். ஒரு வண்டியின் பிரேக் அதில் ஏறியவர்க்கு மட்டும் உரியதன்று. எதிரே வருபவர்க்கும் உரியது. அதனைப் பேணுவது நாம் ஊருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

சரிவில் பிரேக் ஏன் கைவிடுகிறது என்பதைச் சற்று விளக்குவேன். 1500 கிலோ எடையுள்ள ஒரு வேன் 300 மீற்றர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்விறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாகத் திரட்டினால், ஏறக்குறைய 13 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் இவ்வாற்றலில் பெரும்பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். உயர்ந்த கியரிலோ நியூட்ரலிலோ இறங்கினால், அத்தனையும் சக்கரங்களுக்குள் இருக்கும் சிறிய பிரேக் தகடுகளின் தலையில் விழும். பெற்றோல் மிச்சம் என்று எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவோரும் உண்டு. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு இவ்வழக்கத்துக்குத் தூபமிட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசையும் சில மிதிகளுக்குள் தீர்ந்துபோகும். பிறகு மிதி கல்லைப் போல் இறுகிவிடும். மிச்சம் பிடித்த சில ரூபாய்க்கு ஈடாக எதைப் பணயம் வைக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரேக் எண்ணெயின் கதையும் கேட்கத்தக்கது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் தரத்தது புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரையிலேனும் கொதியாது நிற்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அதற்கு விதித்த எல்லை 140 பாகையே. நெடுஞ்சரிவில் சூடேறிய எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் பிறக்கும். அப்போது மிதி அடிவரை போகும், வண்டியோ நிற்காது. மழையும் பனியும் நிறைந்த டயகம போன்ற ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றுவது அறிவுடைமை. எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுவோர் பலர். பிரேக் எண்ணெயை நினைப்போர் சிலரே.

இன்னொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். ஆண்டுதோறும் வாகன வரிப்பத்திரம் பெறுவதற்காக நாம் பெறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ், புகைக்கு மட்டுமே சான்று. அது பிரேக்கைப் பார்ப்பதில்லை, டயரைப் பார்ப்பதில்லை. “சான்றிதழ் கிடைத்துவிட்டது, வண்டி நல்ல வண்டி” என்று இருந்துவிடலாகாது.

இனி, கராஜைத் தெரிந்தெடுக்கும் முறை. நகரத்திலுள்ள பெரிய நிலையத்தில் கருவிகள் மிகுதி; கட்டணமும் மிகுதி. பக்கத்து ஊர் பாஸிடம் கட்டணம் குறைவு. நம் பாதையும் நம் வண்டியின் வரலாறும் அவருக்குத் தெரியும். எது மேல் என்று பொதுவாகத் தீர்ப்புக் கூற இயலாது. கணினி கொண்டு ஆராய வேண்டிய புது வண்டிக்கு நகரம் வேண்டியிருக்கலாம். முச்சக்கர வண்டியின் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் உள்ளூர்க் கை போதும். எங்கே கொடுத்தாலும் நான்கு செய்திகளை நோக்குங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் தருகிறாரா? வேலை முடிந்தபின் தாமே சரிவில் ஓட்டிப் பார்க்கிறாரா? எத்தனை கிலோமீற்றரில் என்ன செய்தார் என்று எழுதித் தருகிறாரா? எல்லாவற்றிலும் மேலாக, “இது இப்போது தேவையில்லை, பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்” என்று எப்போதாவது சொல்கிறாரா? இந்த நான்காவது சொல்லைச் சொல்லத் தெரிந்தவரை விடாதீர்கள். கையில் பணம் குறைவென்றால் முதலில் பிரேக், பின்பு டயர், பின்பு ஸ்டியரிங், பின்பு விளக்கு. பாட்டுப் பெட்டியும் பளபளப்பும் காத்திருக்கட்டும்.

நேயர்களே, நிற்கத் தெரிவதே முதற்கல்வி என்ற இவ்வளவையை இனித் தற்காப்புக் கலைக்குப் பொருத்திப் பார்ப்போம்.

“எந்தக் கலை வலியது? எதைக் கற்றால் எவரையும் வீழ்த்தலாம்?” என்று இளைஞர் கேட்கிறார்கள். “வண்டி இழுக்குமா?” என்னும் கேள்விக்கு இது உடன்பிறப்பு. பெற்றோர் கேட்க வேண்டியது வேறு: “இக்கலை என் பிள்ளைக்கு விழவும், விலகவும், ஓங்கிய கையை நிறுத்தவும் கற்றுக்கொடுக்குமா?”

சிறந்த கலைகள் யாவும் இவ்விடத்திலேதான் தொடங்குகின்றன. 1882 ஆம் ஆண்டு தோக்கியோவில் ஜிகோரோ கானோ என்பவர் நிறுவிய ஜூடோவில், மாணவன் முதலில் பயில்வது அடிபடாமல் விழும் முறை. விழப் பயந்தவன் எதிரியைப் பற்றவும் பயப்படுவான். 1964 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் அரங்கேறிய அக்கலைக்கு அடிப்படை இன்றும் அதுவே. கராத்தேயை 1922 இல் ஒகினாவாவிலிருந்து தோக்கியோவுக்குக் கொண்டுசென்று காட்டிய கிச்சின் புனாகோஷி, கராத்தே பயின்றவன் முதலிற் கை ஓங்கலாகாது என்பதைத் தம் மாணவர்க்கு நெறியாக வகுத்தார்.

நம் சிலம்பமும் அத்தகையதே. நம் முன்னோர் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து கோப்பிக்கும் பின் தேயிலைக்குமாக இம்மலைக்கு வந்தபோது, காமன் கூத்தையும் தப்பையும் போலச் சிலம்பத்தையும் உடன் கொண்டுவந்தார்கள். தோட்டத்துத் திருவிழாக்களில் கம்பு சுழன்றது. நல்ல ஆசான் கம்பைக் கொடுக்குமுன் காலடி கற்பிப்பார். கால் நின்ற பிறகே கை சுழலும். கம்பு ஒன்றன்றி வேறு செலவில்லை. லயத்து முற்றமே களமாகும். தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆகவே இது பழங்கதை என்று ஒதுக்கத்தக்கதன்று. சிங்கள மக்களுக்கும் அங்கம்பொர என்னும் தொன்மையான கலை உண்டு. 1818 இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் அதைத் தடைசெய்தனர். குடும்பங்கள் சில மறைவாகப் பேணியதால் அது பிழைத்தது. ஒரு கலை ஆசானின் கையில் உயிர் வாழ்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிள்ளைக்கு ஏற்ற கலையைத் தெரிய அதன் உடலையும் வயதையும் பாருங்கள். காலில் விரைவும் நீட்சியும் உடைய பிள்ளைக்கு 2000 ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியாக உள்ள டேக்குவண்டோ உவப்பாக இருக்கலாம். நெருங்கிப் பற்றிப் பயில அஞ்சாத பிள்ளைக்கு ஜூடோ. தாளமும் பொறுமையும் உடைய பிள்ளைக்குச் சிலம்பம். தலையைக் குறிவைத்து அடிக்கும் பயிற்சியைச் சிறுவர்க்குத் தவிர்ப்பது நலம். சிறுவர் குத்துச்சண்டையில் ஈடுபடுவதை அமெரிக்க, கனடிய குழந்தைநல மருத்துவர் அமைப்புகள் 2011 இல் கூட்டாக எதிர்த்திருக்கின்றன.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். தனியே பேருந்தில் செல்லும் மகளுக்குத் தைரியம் வேண்டும் என்று பெற்றோர் எண்ணுவது நியாயமே. கலை அவளுக்கு நிமிர்ந்த நடையையும், “விலகு” என்று உரக்கச் சொல்லும் குரலையும், ஓடித் தப்பும் மூச்சையும் தரும். அதனால் சட்டத்தின் கடமையும் ஊரின் கடமையும் நீங்கிவிடா. ஆறு மாதம் பயின்ற பிள்ளையிடம், எவரையும் எதிர்க்கலாம் என்று சொல்லி அனுப்புவது, தேய்ந்த பிரேக்குள்ள வண்டிக்கு மாலை சூட்டி அனுப்புவதை ஒக்கும்.

ஆசானைத் தெரியும் வழி எளிது. சேர்க்குமுன் இரண்டு நாள் ஓரமாக நின்று பாருங்கள். கதவடைத்துப் பயிற்றுபவரிடம் சேர்க்க வேண்டாம். திறமையான மாணவனை அவர் புகழ்வதைப் பாராதீர்கள். மெலிந்த, தயங்கும் பிள்ளையிடம் அவர் எவ்வாறு பேசுகிறார் என்று பாருங்கள். ஒரு பிள்ளை வலியென்று சொன்னால் பயிற்சியை நிறுத்துகிறாரா? பட்டிக்குப் பட்டி பணம் கேட்கிறாரா? “உன் பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு வேண்டும்” என்று சொல்லும் துணிவு அவருக்கு உண்டா? “தேவையில்லை” என்று சொல்லும் பாஸும், “இன்னும் ஆகவில்லை” என்று சொல்லும் ஆசானும் ஒரே தாய் பெற்ற மக்கள்.

இங்ஙனம் நிறுத்தத்தையே பேசினால் இளைஞர் கோழைகளாகிவிட மாட்டாரா என்று கேட்பார் உளர். அனுபவம் வேறு விதமாகச் சொல்கிறது. பிரேக்கை நம்புகிற சாரதியே வளைவில் பதறாமல் வண்டியைத் திருப்புவான். விழத் தெரிந்த மாணவனே துணிந்து முன்னேறுவான். தன்னை நிறுத்திக்கொள்ள வல்லவனுக்குத்தான் வேகமும் வலிமையும் ஏவல் செய்யும்.

தூரத்தையும் மறக்கலாகாது. மாதம் ஒருமுறை அரும்பாடுபட்டுச் சென்று கற்கும் பெயர்பெற்ற கலையினும், வாரம் மூன்று நாள் பக்கத்து மைதானத்தில் நேர்மையான ஆசானிடம் கற்கும் எளிய கலை பயன் தரும். வண்டிக்கும் அவ்வாறே: ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பெருஞ்செலவினும், மாதந்தோறும் பத்து நிமிடம் எண்ணெயையும் டயரையும் நீங்களே பார்ப்பது மேல்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை வண்டியைக் கராஜில் விடும்போது, “முதலில் பிரேக்கைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். பிள்ளையை ஆசானிடம் ஒப்படைக்கும்போது, “முதலில் விழக் கற்றுக்கொடுங்கள்” என்று கேளுங்கள். அவர் முகம் மலர்ந்தால் அங்கே விடுங்கள். முகம் சுளித்தால் வேறிடம் தேடுங்கள்.