அடைக்கோழி விறகுக் குவியலில் படுத்தால்



இன்றைய பேச்சு ஒரு கோழியைப் பற்றியது. சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். பல வீடுகளில் கோழிக் காசுதான் பெண்களின் கைக்காசு. பிள்ளைக்கு நோட்டு, அவசரத்துக்கு பஸ் காசு, எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஒரு வீட்டுக் கதையைக் கேளுங்கள். அந்த வீட்டில் ஒரு செவலைப் பெட்டைக் கோழி இருந்தது. மருமகளின் தாய் வீட்டுக் கோழி. ஒரு திங்கட்கிழமை அது காணாமல் போனது. அன்று சந்தை நாள். கீரி பிடித்திருக்கும் என்று மாமியார் சொன்னார். மருமகள் அழாத குறைதான்.

அடுத்த திங்கட்கிழமை காலை. வாசலில் கோழிகளுக்குக் கம்பு இறைத்தாள் மருமகள். எங்கிருந்தோ செவலை ஓடி வந்தது! இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கொக்கொக் என்று முனகிக்கொண்டு, அவசரம் அவசரமாகத் தின்றது. தண்ணீர் குடித்தது. மறுபடி ஓடியது. மருமகள் சத்தம் போடாமல் பின்னாலேயே போனாள். வேலி ஓரத்தில் முள் விறகுக் குவியல். கோழி அதற்குள் நுழைந்துகொண்டது.

"அத்தை, செவலை அடை படுத்திருக்கு! விறகுக்குள்ளே!"

"அங்கேயா? போன வருஷம் அங்கேதானே பாம்பைப் பார்த்தோம். கோழியை விரட்டிவிட்டு முட்டையை எடுத்து வாம்மா. குழம்பு வைத்துவிடலாம்."

நல்லவேளை, மருமகள் கையை உள்ளே விடவில்லை. நீங்களும் விடக் கூடாது. குவியல், புதர், பொந்து எதுவானாலும் முதலில் கம்பால் விலக்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கோழி ஏன் அங்கே போய்ப் படுத்தது? இருட்டும் மறைவும் தேடித்தான். வீட்டுக் கூடை வெளிச்சத்தில் இருக்கிறது. அதில் செள்ளு இருக்கிறது. நாயும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் ஓடுகின்றன. அங்கே அது எப்படிப் படுக்கும்? குற்றம் கோழியின் மேல் இல்லை. ஆனால் அதற்கு மழை தெரியாது. இரவில் வரும் கீரியையும் மரநாயையும் எதிர்த்து நிற்கவும் அதனால் முடியாது.

மாமியார் சொன்னபடி முட்டையைக் குழம்பு வைக்கலாமா? கூடாது. ஒரு வாரம் அடையில் இருந்த முட்டைக்குள் குஞ்சு வளர ஆரம்பித்திருக்கும். அதைச் சமைக்க முடியாது. கோழியைப் பகலில் விரட்டினாலும் அது திரும்ப அதே இடத்துக்குத்தான் போகும்.

அப்படியானால் என்ன செய்வது? இரவு வரை பொறுக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. முரண்டு பிடிக்காது.

மருமகள் பகலிலேயே கூடையைத் தயார் செய்தாள். அகலமான பழைய மூங்கில் கூடை. அடியில் சாம்பல் கலந்த மணல். அதன் மேல் வைக்கோல், நடுவில் சற்றுக் குழிவாக. வேப்பிலை கொஞ்சம். கூடையை வீட்டுக்குள் நெல் குதிருக்குப் பின்னால் வைத்தாள். அங்கே வெளிச்சம் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை.

இரவு எட்டு மணிக்கு மாமியார் டார்ச் பிடித்தார். கம்பால் விறகை விலக்கினார்கள். பாம்பு இல்லை. மருமகள் கோழியை அடிப்பக்கமாகத் தாங்கித் தூக்கினாள். செட்டைக்குள் முட்டை ஒட்டிக்கொண்டு வந்து விழும். அதனால் முதலில் செட்டையை மெல்ல விலக்கிப் பார்த்தாள். முட்டை பன்னிரண்டு. துணி விரித்த முறத்தில், குலுங்காமல் எடுத்து வந்தார்கள்.

பிறகு ஒவ்வொரு முட்டையாகச் சோதித்தார்கள். கையைக் குழல் போல மடக்கி, டார்ச் வெளிச்சத்தின் மேல் முட்டையின் பருத்த பக்கத்தை வைத்தார்கள். பத்து முட்டைகளில் சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தது. அப்படித் தெரிந்தால் சுமார் ஏழு நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். சந்தை நாள் கணக்கும் சரியாக இருந்தது! இரண்டு முட்டைகளில் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்று கூமுட்டையாக இருக்கும், அல்லது வேறு கோழி வந்து இட்டதாக இருக்கும். இரண்டையும் ஒதுக்கினார்கள். பத்து முட்டைகளிலும் கரியால் கோடு போட்டார்கள். பிறகு கோடு இல்லாத முட்டை கூடையில் இருந்தால் அது புதிது. உடனே எடுத்துவிடலாம்.

முட்டைகளை வைத்து, மேலே கோழியை உட்கார வைத்து, பஞ்சாரத்தால் மூடினார்கள். அதன் மேல் ஒரு சாக்கு. விறகுக் குவியலில் கோழி நுழைந்த வழியை முள்ளால் அடைத்தார்கள். இதை மறந்தால் செய்த வேலை வீண்.

முதல் இரண்டு நாள் கோழியை அவிழ்த்து விடவில்லை. ஒரு நாளைக்கு ஒரு முறை அறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயே தீனியும் தண்ணீரும் காட்டினார்கள். கால் மணி நேரத்தில் அது தானாகக் கூடைக்குத் திரும்பியது. மூன்றாம் நாள் முதல் வெளியே விட்டார்கள். நேராகக் குதிருக்குப் பின்னால்தான் வந்தது.

எல்லாக் கோழிக்கும் இது பொருந்துமா? இல்லை. பதினெட்டு நாள் தாண்டிவிட்டால் இடம் மாற்றக் கூடாது. அப்போது கோழி இருக்கும் இடத்திலேயே பஞ்சாரம் கவிழ்த்து, கல் வைத்து, மேலே கூரை போட்டுக் காவல் காக்க வேண்டியதுதான். முட்டை எதுவும் இல்லாமல் வெறுமனே படுத்திருக்கிறது, குஞ்சும் வேண்டாம் என்றால் அடையைத் தெளிய வைக்கலாம். சிலர் கோழியைத் தண்ணீரில் முக்குவார்கள். மூக்கில் இறகைச் செருகுவார்கள். அது கொடுமை. அடியில் காற்றுப் புகும் கூண்டில், வைக்கோல் இல்லாமல், தீனி தண்ணீர் வைத்து மூன்று நான்கு நாள் அடைத்தால் போதும். பெரும்பாலும் தெளிந்துவிடும். பண்ணைகளில் வளர்க்கும் வெள்ளை லெகார்ன் கோழி அடையே படுக்காது என்று சொல்லலாம். முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் அந்தக் குணம் போய்விட்டது. நாட்டுக்கோழி அப்படி அல்ல.

மருமகள் இரவு வகுப்பில் எழுதப் படித்தவள். கோழியை மாற்றிய திங்கட்கிழமைக்கு நேராகக் காலண்டரில் 7 என்று எழுதினாள். அடுத்த திங்கள் 14. அதற்கடுத்த திங்கள் 21. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

ஞாயிறு இரவே முட்டைக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் கேட்டது. "ஓட்டை உரித்துவிடட்டுமா அத்தை?" என்று கேட்டாள். "தொடாதே. அதுவே வரும்" என்றார் மாமியார். இந்த முறை அவர் சொன்னதுதான் சரி. உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும்.

திங்கட்கிழமை எட்டுக் குஞ்சுகள் பொரித்தன. இரண்டு முட்டை பொரிக்கவில்லை. முதலில் வந்த குஞ்சுகளுக்கு உடனே தீனி இல்லையே என்று மருமகள் பதறினாள். பதற வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு வேண்டிய உணவு மஞ்சள் கருவாகக் குஞ்சின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. செவ்வாய் மதியம் செவலை குஞ்சுகளோடு தானே எழுந்து வந்தது. நொய்யும் தட்டில் தண்ணீரும் வைத்தார்கள்.

வெள்ளைக் கழிச்சல் வந்தால் எட்டுக் குஞ்சும் ஒரே வாரத்தில் போய்விடும். அதற்குக் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்து உண்டு. முதல் சொட்டு ஏழாம் நாள் வாக்கில். கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும். மருமகள் காலண்டரைப் புரட்டி, அடுத்த திங்கட்கிழமையில் இன்னொரு வட்டம் போட்டாள்.