மூன்றாவது மருந்து

அரசாங்க வைத்தியசாலையில் மருந்து வழங்கும் யன்னலுக்கு முன்னால் விடியற்காலையிலேயே வரிசை நீண்டுவிடுகின்றது. கிளினிக் கொப்பியும் வெறும் பையுமாக நிற்போரிற் பலர் முதியோர். நீரிழிவும் இரத்த அமுக்கமும் அவர்களுடைய நெடுநாளைய சுற்றத்தார். முற்பகல் முழுவதும் காத்திருந்து முறை வந்ததும், எழுதப்பட்ட மூன்று மருந்துகளில் இரண்டு கிடைக்கின்றன. மூன்றாவதற்குக் கிடைப்பது ஒரு துண்டு. கடையில் வாங்கப் பணமில்லாதவர் அதனை மடித்து இடுப்பிற் செருகிக்கொண்டு வீடு செல்கிறார். இலவச வைத்தியம் அந்தத் துண்டோடு முடிந்துவிடுகின்றது.

மருந்துகளுள் இன்றியமையாதனவற்றைத் தேர்ந்து, வணிகப் பெயரை விடுத்துப் பொதுப் பெயரால், போட்டிக் கேள்வி மூலம் மொத்தமாக வாங்கினால் சிறிய நாடும் தன் மக்களுக்கு மருந்தளிக்கலாம் என்று காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவரே. மருந்தை மலிவாக வாங்கும் வழி அன்றே தெரிந்துவிட்டது. வாங்கியது நோயாளியின் கையைச் சேரும் வழியோ இன்னும் செப்பனிடப்படவில்லை.

2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது நாட்டிலேயே மருந்து இல்லை. அது வேறு கதை. சாதாரண காலத்துத் தட்டுப்பாட்டுக்குக் கணக்கும் ஒரு காரணம். சென்ற ஆண்டில் வழங்கிய அளவை வைத்தே வரும் ஆண்டின் தேவையை மதிப்பிட்டால், இரண்டு மாதம் இல்லாதிருந்த மருந்து, இரண்டு மாதம் எவருக்கும் தேவைப்படாத மருந்தாகவே ஏட்டிற் பதிவாகும். பஞ்சத்தில் உண்ணாதவனைப் பசியில்லாதவன் என்று எழுதுவதற்கு இது ஒப்பாகும்! அடுத்த ஆண்டும் குறைவாகவே வரும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொடுத்த மருந்தைப் பதிவதுபோலவே, கொடாது துண்டெழுதிய மருந்தையும் மருந்தாளர் பதிதல் வேண்டும். அப்பதிவு மாதந்தோறும் மாவட்டக் களஞ்சியத்தை அடைந்தால், அயல் வைத்தியசாலையில் மிகுதியாய்க் கிடப்பதை இங்கே மாற்றவும் இயலும்.

வரிசையைக் குறைக்கவும் வழியுண்டு. 2020இல் ஊரடங்கு நிலவியபோது கிளினிக் நோயாளரின் மருந்துப் பொதிகளைத் தபாற்காரர்கள் வீட்டு வாயிலுக்கே கொண்டுசென்றனர். நோய் கட்டுப்பாட்டில் உள்ளவருக்கு அவ்வொழுங்கை நிலைபெறச் செய்யலாம். குளிரில் வைக்கவேண்டிய இன்சுலினை அவ்வாறு அனுப்புதல் கடினம்; அதனைப் பெறுவோர் வரத்தான் வேண்டும். மற்றையோர் வராதபோது, அவர்கள் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம்.