எண்ணிக்கையில் சிக்காத வத்திராயிருப்புக்காரர்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் பழைய நண்பனைப் பார்த்தேன். திருச்சுழி பக்கம் ஒரு கிராமம் அவனுக்கு. ஸ்கூல்ல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. நான் இன்ஜினியரிங் முடிச்சு கோடு எழுதப் போனேன். அவன் கண்டென்ஸ்டு மேட்டர் பிசிக்ஸ்ல பிஎச்டி முடிச்சான். திடப்பொருளுக்குள்ள எலக்ட்ரான்கள் எப்படி நடந்துக்குதுன்னு பார்க்கிற துறை அது.

மூணாவது இன்டர்வியூவும் போச்சாம். "ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவுன்னு கேட்டாங்க மாப்ள. ஆறுன்னேன். என்ன ஆராய்ச்சி பண்ணினேன்னு யாரும் கேக்கல. உங்க கம்பெனில ஏதாவது வேலை இருந்தா சொல்லுடா."

அது என்ன ஹெச்-இண்டெக்ஸ்? உங்க கட்டுரைகளை, எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்ற வரிசையில் அடுக்குங்க. குறைஞ்சது பத்து மேற்கோள் வாங்கின கட்டுரை பத்து இருந்தா, உங்க எண் 10. ஒரே கட்டுரைக்கு ஐயாயிரம் மேற்கோள், மத்ததுக்கு எதுவுமே இல்லைன்னா, எண் 1. நமக்கெல்லாம் நாலு வரி கோடு. 2005ல் இதைக் கொண்டுவந்த ஜார்ஜ் ஹிர்ஷும் கண்டென்ஸ்டு மேட்டர்காரர்தான்!

எண்ணே வேண்டாம்னு நான் சொல்லல. இருநூறு விண்ணப்பம் வந்தா ஏதாவது சல்லடை வேணும். ஆனா அந்தச் சல்லடையில் எது விழுந்துடும்னு பார்க்க, நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தரையே எடுத்துக்கலாம்.

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர், ஸ்ரீவில்லிபுத்தூர்னு மேற்கே போனா, மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு. 1898 டிசம்பர் 4ல் கே.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னையிலும் படிச்சவர், அப்புறம் கல்கத்தாவுக்குப் போய் சி.வி. ராமனோட சேர்ந்தார். 1928 மார்ச் 31ல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையில் ராமன், கிருஷ்ணன்னு ரெண்டு பேர் பெயரும் இருக்கு. சுமார் அறுபது திரவங்களைச் சோதிச்சு, சிதறி வர்ற ஒளியில் ஒரு பகுதி நிறம் மாறுதுன்னு அதில் சொன்னாங்க. 1930ல் நோபல் ராமனுக்கு. விளைவுக்கும் அவர் பெயரே நின்னது.

இன்னைக்கு மருந்து சோதிக்கிற லேப்ல ராமன் கருவி இருக்கு. அதைப் பயன்படுத்துறவங்க பெரும்பாலும் அந்த 1928 கட்டுரையை மேற்கோள் காட்ட மாட்டாங்க. 'ராமன்'னு ஒரு சொல்லே போதும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கின விஷயம் இது: ஒரு கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொதுச்சொத்தா ஆகும்போது, மூலக் கட்டுரை கண்ணுல இருந்து மறைஞ்சுடும். ரொம்ப ஜெயிச்சாலும் எண்ணிக்கை குறையும்! ராமனுக்குப் பெயராவது மிஞ்சுது. கிருஷ்ணனுக்கு அதுவும் இல்லை.

அவர் அதோட நிக்கல. டாக்கா போய், படிகங்களோட காந்த குணத்தை அளக்க ஆரம்பிச்சார். சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எப்படித் திரும்புதுன்னு பார்க்கிற பொறுமையான வேலை. அப்புறம் கங்குலியோட சேர்ந்து கிராஃபைட்டை எடுத்தார், நம்ம பென்சில்ல இருக்கிற அதே பொருள். அடுக்குக்குள்ள மின்சாரம் சுலபமா ஓடும், அடுக்கு விட்டு அடுக்கு தாண்டுறதுக்குள்ள திணறும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசுன்னு 1939ல் 'நேச்சர்'ல எழுதினாங்க.

1947ல் பி.ஆர். வாலஸ், கிராஃபைட்டோட ஒற்றை அடுக்கில் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கும்னு கணக்குப் போட்டார். பல வருஷம் கிராஃபைட் ஆட்கள் மட்டும் படிச்ச கட்டுரை அது. 2004ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் குழு அந்த ஒற்றை அடுக்கை, அதாவது கிராஃபீனை, பிரிச்சு எடுத்துச்சு. 2010ல் நோபல். வாலஸுக்கு மேற்கோள்கள் கொட்ட ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். கட்டுரையில் ஒரு எழுத்துகூட மாறலை, வெளியுலகம்தான் மாறுச்சு.

நண்பன்கிட்ட இதைச் சொன்னப்போ சிரிச்சுட்டு, "மானாவாரி மாதிரிதான்டா. மழை பெய்யாத வருஷத்து விளைச்சலை வச்சு நிலத்தை எடை போட்டா, எங்க ஊர்ல ஒரு குறுக்கம் தேறாது"ன்னான்.

உண்மைதான். ஆனா கிருஷ்ணனுக்கு அவர் காலத்திலேயே மழை பெஞ்சுது. 1940ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ ஆனார், அப்புறம் தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட முதல் இயக்குநர் ஆனார். அவர் கட்டுரைகளை உட்கார்ந்து படிச்சவங்க இருந்தாங்க. என் நண்பனுக்கு இன்னும் அப்படி ஒருத்தர் அமையலை.

ஊர்லருந்து வந்ததும் அவனுக்கு ரெஃபரல் லிங்க் அனுப்பிட்டேன். ஐடிக்கு வர்றது தப்பே இல்லை. கூடவே ஒண்ணு கேட்டேன்: "உன் ஆராய்ச்சி என்னன்னு எனக்குப் புரியற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்புடா. அடுத்த இன்டர்வியூவுல அவங்க கேக்கலைன்னாலும் நீயே எடுத்துக் கொடு." நேத்து ராத்திரி அனுப்பியிருக்கான். ரெண்டு தடவை படிச்சேன், பாதி புரிஞ்சுது. மீதிக்கு இன்னைக்கு அவனுக்கு போன் பண்ணணும்.

உங்க வட்டத்தில் ஆராய்ச்சி பண்றவங்க இருந்தா, எத்தனை பேப்பர்னு கேக்காம, என்ன கண்டுபிடிச்சன்னு ஒரு தடவை கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.