டிவி சொன்னதும் ரசீது சொன்னதும்

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் மந்தைவெளி குழு ஊக்குநர் ஒருவர் பேசியது. பெரும்பாலும் பேசியபடியே தரப்பட்டுள்ளது.)



அரசியல் செய்தியை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பேசுவது என்று பேசச் சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். பெரிய விளக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது. எங்க குழுவில் நடந்த ஒரு சண்டையைச் சொல்றேன். அதிலிருந்து நாங்க என்ன செய்தோம் என்பதையும் சொல்றேன்.

2022 ஏப்ரல் மாதம். சொத்து வரியை ஏற்றி அரசு அறிவிப்பு வந்தது உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்க குழுக் கூட்டம். சந்தா வாங்கி முடித்து, உள்கடன் யாருக்கு என்று பேச ஆரம்பித்தோம். அப்போ எங்க குழுவில் பூ வியாபாரம் செய்கிற ஒரு அக்கா, "பார்த்தீங்களா, நூத்தம்பது சதவீதம் ஏத்திட்டாங்க, ஏழை ஜனம் எங்க போகும்" என்றார். அவர் இரட்டை இலைக் குடும்பம். எதிரில் தையல் மிஷின் வைத்திருக்கிற அக்கா, சூரியன் குடும்பம். "யார் சொன்னா நூத்தம்பது? வெறும் இருபத்தஞ்சுதான். உங்க டிவியில பொய் சொல்றான்" என்றார். "உங்க டிவி மட்டும் என்னா ஒழுங்கு?" என்று இவர் கேட்க, பேச்சு வரியை விட்டுத் தலைவர்களுக்குப் போச்சு. அப்புறம் அவங்கவங்க வீட்டு ஆம்பளைங்க யார்கிட்ட எவ்வளவு வாங்கினாங்க என்கிற வரைக்கும் போச்சு. அதுக்கு மேல இந்த மைக்கில் சொல்ல முடியாது.

தையல்கார அக்கா எழுந்து போயிட்டார். போனவர் ரெண்டு மாதம் வரவில்லை. அவர் தவணையும் வரவில்லை. அப்போ எங்க குழுவுக்கு பேங்க் கடன் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தர் தவணை நின்றால் குழு பேர்தான் கெடும், அடுத்த கடன் கேட்கப் போனால் மேனேஜர் நோட்டைப் பார்த்துத்தான் பேசுவார். பதினாலு பெண்கள் ஆறு வருஷமா கட்டின பேரு ஒரு டிவிச் செய்தியில் போகப் பார்த்தது.

இதில் ஒரு விஷயத்தை நாங்க யாருமே கவனிக்கலை. அந்தக் கூட்டத்தில் மூலையில் இட்லிக் கடை அக்கா உட்கார்ந்திருந்தார். அவருடைய ஹவுஸ் ஓனர், "வரி நூத்தம்பது பர்சென்ட் ஏறிடுச்சு, அடுத்த மாசத்திலேர்ந்து வாடகை ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடு" என்று முதல் நாள்தான் சொல்லியிருக்கிறார். உண்மையிலேயே எவ்வளவு ஏறியது என்று தெரிஞ்சே ஆகவேண்டிய ஒரே ஆள் அவர்தான். சண்டை போட்ட ரெண்டு பேரும் அவரைப் பார்க்கவே இல்லை. நானும்தான்.

அவர் மகள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பொண்ணு. அந்த நூலகம் 2010-ல் திறந்தது. உள்ளே போய்ப் படிக்க காசு கிடையாது. அந்தப் பொண்ணு அங்கே மூணு பேப்பரை வைத்துப் பார்த்து, அறிவிப்பில் இருந்ததை ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டியது.

சென்னை மாநகராட்சியின் பழைய பகுதி, அதாவது மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மாதிரி இடங்களில், 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 50 சதவீதம். 601-லிருந்து 1200 வரைக்கும் 75 சதவீதம். 1201-லிருந்து 1800 வரைக்கும் 100 சதவீதம். 1800-க்கு மேல் போனால்தான் 150. ஆனால் 2011-ல் மாநகராட்சியோடு புதுசாகச் சேர்த்த பகுதிகளில் சின்ன வீட்டுக்கு 25 சதவீதம்தான். தையல்கார அக்காவின் தங்கச்சி பெருங்குடியில் இருக்கிறார். பெருங்குடி 2011-ல் சேர்ந்தது. அவர் சொன்ன இருபத்தஞ்சு அங்கேயிருந்து வந்தது!

ஆக ரெண்டு அக்காவும் பொய் சொல்லலை. ரெண்டு எண்ணும் ஒரே அறிவிப்பில் இருக்கிறது. ஒருத்தர் பார்த்த டிவி பெரிய எண்ணை எடுத்துப் போட்டது, இன்னொருத்தர் பார்த்தது சின்ன எண்ணை எடுத்துப் போட்டது. எங்க தெருவுக்கு உண்டான 50 சதவீதத்தை ரெண்டு பேருமே சொல்லலை.

அப்புறம் இட்லிக் கடை அக்கா ஓனர்கிட்ட வரி ரசீதைக் கேட்டார். கேட்க ஒரு வாரம் தைரியம் வரவில்லை, நாங்க ரெண்டு பேர் கூடப் போனோம். 550 சதுர அடி. அரையாண்டு வரி 840 ரூபாய். பாதி கூடினால் 1260. ஆறு மாதத்துக்கு 420 ரூபாய் அதிகம், மாதத்துக்கு 70 ரூபாய். எழுபது ரூபாய் ஏறினதுக்கு ஆயிரம் ரூபாய் வாடகை! ஓனர் முகத்தைப் பார்த்துக் கணக்கு சொன்னபோது அவர், "வரி மட்டும் இல்லம்மா, எல்லா விலையும்தான் ஏறிப்போச்சு" என்றார். அது நியாயமான பேச்சு, அதைப் பேசலாம். கடைசியில் 400 ரூபாய்க்கு முடிந்தது.

யார் ஏற்றினார்கள் என்பதையும் அந்தப் பொண்ணு எழுதி வைத்திருந்தது. இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி மாற்றியமைக்கவில்லை. 2018-ல் அ.தி.மு.க. ஆட்சியில் ஏற்றினார்கள். அப்போ தி.மு.க. எதிர்த்தது. 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2022-ல் தி.மு.க. ஆட்சியில் ஏற்றினார்கள், அ.தி.மு.க. போராட்டம் நடத்தியது. 15-வது நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்ததுதான் காரணம் என்று மாநில அரசு சொன்னது. இவ்வளவையும் ஒரே நாளில் ஒரே டிவியில் கேட்டவங்க இந்த ஹாலில் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்க பார்ப்போம். (சிரிப்பு)

இது புது வியாதி இல்லை. 2001 ஜூன் 30, விடிகாலையில் கலைஞரைக் கைது செய்தார்கள். நம்ம மயிலாப்பூரில், ஆலிவர் ரோடு வீட்டில். அன்றைக்கு சன் டிவியில் ஒரு வயதானவரைப் போலீஸ் பிடித்து இழுப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஜெயா டிவியில் மத்திய அமைச்சர்கள் போலீஸோடு மல்லுக்கட்டுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ரெண்டும் அன்றைக்கு எடுத்த படம்தான். எங்க தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் அழுகை, அடுத்த வீட்டில் ஆத்திரம். ரெண்டு வீட்டுக்கும் நடுவில் நான் கோலமாவு வாங்கப் போய்க்கொண்டிருந்தேன், எந்தப் பக்கம் தலையை ஆட்டுவது என்று தெரியாமல்.

அதனால முதலில் எது யாருடைய டிவி என்று தெரிஞ்சுக்கணும். சன் டிவியை நடத்துவது கலாநிதி மாறன், கலைஞருடைய அக்கா வழிப் பேரன். கலைஞர் டிவி பேரிலேயே இருக்கிறது. ஜெயா டிவி, நியூஸ் ஜெ எல்லாம் அ.தி.மு.க. வழியில் வந்தவை, இப்போ அதிலும் தனித்தனிப் பக்கம். மக்கள் டிவி பா.ம.க. பக்கம். புதிய தலைமுறையை ஆரம்பித்த குழுமத்தின் தலைவர் பாரிவேந்தர் ஒரு கட்சியும் வைத்திருக்கிறார். 2019-ல் உதயசூரியன் சின்னத்தில் ஜெயித்தார், 2024-ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்றார். பொதிகை என்று நாம் பார்த்தது இப்போ டிடி தமிழ், அது மத்திய அரசுடையது. பேப்பரில் முரசொலி, தீக்கதிர், விடுதலை எல்லாம் கட்சி, இயக்கப் பத்திரிகை என்பதை மறைக்கிறதே இல்லை. அது ஒரு வகையில் நல்லது, முகம் தெரிகிறது. கட்சி டிவி பார்க்கக் கூடாதென்று நான் சொல்லலை. மாமியார் சொல்கிற சண்டைக் கதையை மருமகளிடமும் கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொள்ளணும், அவ்வளவுதான்.

தேர்தல் சமயத்தில் இன்னொன்று உண்டு. காசு கொடுத்துச் செய்தி மாதிரியே போட வைக்கிறது. 2010 வாக்கில் பிரஸ் கவுன்சிலும் தேர்தல் கமிஷனும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டன. 2011-ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு பெண் எம்.எல்.ஏ. இதற்காகவே தேர்தல் கமிஷனால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். ஒரு வேட்பாளரைப் பற்றி ஒரே வார்த்தை மாறாமல் ரெண்டு பேப்பரில் புகழ்ந்து வந்தால் சந்தேகப்படுங்க. வேட்பாளரின் சொத்து, கடன், மேலே உள்ள கேஸ், படிப்பு எல்லாம் அவரே உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கணும். தேர்தல் கமிஷன் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பிள்ளைகளை எடுத்துக் காட்டச் சொல்லுங்க.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று மட்டும். 2018 மே மாதம் நம்ம சென்னைக்காரப் பெண்மணி ஒருவர், 65 வயது, குலதெய்வம் கோவிலுக்குப் போளூர் பக்கம் சொந்தக்காரர்களோடு போனார். வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பியிருந்த ஊர் ஜனம் அவரை அடித்தே கொன்றுவிட்டது. அந்த மெசேஜை அனுப்பினவங்க எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பாங்க. அதுக்கு மேல நான் பேச மாட்டேன்.

சரி, தையல்கார அக்கா கதைக்கு வர்றேன். வரிக் கணக்கு வெளியே வந்ததும் பூக்கார அக்காவே ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று ரெண்டு பேரும் சொல்லலை. அடுத்த மாதம் வந்தார், நின்ற ரெண்டு தவணையையும் கட்டினார். அன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதினோம்.

சந்தாவும் கடனும் முடியும் வரைக்கும் கட்சிப் பேச்சு கிடையாது. கடைசி கால் மணி நேரம் பேசலாம். எதைச் சொன்னாலும் எங்கே கேட்டேன், எங்கே படித்தேன் என்று சொல்லணும். தலைவர்களுடைய நிறம், உடம்பு, சாதி, சொந்த வாழ்க்கை வேண்டாம். பெண் தலைவராக இருந்தால் அந்த மாதிரிப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடும் என்று நமக்குத் தெரியும். "நீ காசு வாங்கிட்டுப் பேசறே" என்று சொன்னால் பத்து ரூபாய் அபராதம். இதுவரைக்கும் எழுபது ரூபாய் சேர்ந்திருக்கிறது, அதில் இருபது என்னுடையது. (சிரிப்பு)

இந்த ஏற்பாடு எல்லா நாளும் வேலை செய்யுது என்று சொன்னால் பொய். போன தேர்தலில் ஒரு சகோதரி கோபித்துக்கொண்டு போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தப்பு என் பேரில்தான். அவர் பேசி முடிப்பதற்குள் நான் சிரித்துவிட்டேன்.

பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்க்க நாம் தூரம் போகவேண்டாம். தி.நகரில் பஸ்லுல்லா ரோட்டில் ராஜாஜி இருந்தார். திருமலைப்பிள்ளை ரோட்டில் காமராஜர் இருந்தார், அந்த வீடு இப்போ நினைவு இல்லம். ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். ஒரே காங்கிரஸில் இருந்தும் ரெண்டு பேருக்கும் ஆகாது. 1954-ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வராக வந்தார். தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்று தோற்ற சி.சுப்பிரமணியத்தை அவர் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். ராஜாஜியின் கல்வித் திட்டத்தை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர் பெரியார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது அதே பெரியார் தள்ளாத வயதில் மயானத்துக்கு வந்து அழுதார். கொள்கையில் ஒரு அங்குலம்கூட ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு சகோதரி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார், "ரெண்டு பேப்பர் வாங்க எங்களுக்கு வசதி ஏது?" என்று. வாங்க வேண்டாம். டீக்கடையில் கிடக்கிறது, நாம போய் உட்காரத்தான் கூச்சப்படறோம். எங்க குழுவில் ஒரு பேப்பர் வாங்குகிறோம், இன்னொன்று சலூன் கடைக்காரர் சாயங்காலம் கொடுத்துவிடுகிறார். ஒரே செய்தியை ரெண்டிலும் சத்தமாகப் படிப்போம். ஒன்றில் இருக்கிற எண் இன்னொன்றில் இல்லையென்றால் ஏன் என்று பேசுவோம். யாரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள், பாதிக்கப்பட்ட ஆள் பேசியிருக்கிறாரா, மந்திரியும் எதிர்க்கட்சியும் மட்டும்தானா என்று பார்ப்போம். அரை மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். இட்லிக் கடை அக்கா மகள்தான் கூட்டிப் போகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களும் வரலாம், நான் அப்படித்தான் படிக்கிறேன். வர்றவங்க இன்றைக்கே பேர் கொடுத்துட்டுப் போங்க. உங்க வீட்டு வரி ரசீதோ, வாடகைச் சீட்டோ இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வாங்க. கண்ணாடி போடுறவங்க கண்ணாடியை மறக்காதீங்க, போன தடவை நாலு பேர் மறந்துட்டு என் கண்ணாடியை மாத்தி மாத்திப் போட்டுப் படிச்சாங்க.