அலுமாரியின் முதுகுப்புறம்

புங்குடுதீவின் மேற்குக் கரையிலே, தரைவழி முடிந்து கடல்வழி தொடங்கும் இடம் குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் மக்கள் இங்கேதான் படகேறுகின்றனர். அரிசி மூடையும் சீமெந்தும் போலவே, புதுமனைக்கு வேண்டிய தளபாடங்களும் இத்துறையைக் கடந்தே அத்தீவுகளை அடையவேண்டும். அவ்வாறு போகும் ஓர் அலுமாரி முதலில் கடற்றுவலையில் நனைகிறது. பின்னர் ஆண்டாண்டாக உப்புக்காற்றிலே நிற்கிறது. அது நிலைத்து நிற்குமா என்பதைத் தச்சனுடைய கடைசிச் சில நாள் வேலையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அந்த நிறைவு வேலையைப் பற்றி நேயர்கள் சிறிது அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணம் 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கைக்கும், 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைக்கும் மாறியது. அலுமாரி, கதிரை என்னும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. லாச்சி என்பது ஒல்லாந்தர் தந்தது. பெயர்கள் கடல் கடந்து வந்தன. ஆயினும் அப்பொருள்களை இவ்வூர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப அமைக்கும் பொறுப்பு இவ்வூர்த் தச்சனையே சார்ந்தது.

மரம் வெட்டுண்ட பின்னரும் அசைவற்றுக் கிடப்பதில்லை. காற்றிலே ஈரம் மிகுந்தால் பருக்கும், குறைந்தால் சுருங்கும். பச்சை மரம் முற்றக் காயும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் குறைவதில்லை. அகலத்திலோ பல மரங்களில் நூற்றுக்கு 3 முதல் 10 பங்கு வரை குறைகிறது. காய்ந்து பதப்பட்ட பலகையும் சிறிய அளவிலே இவ்வியல்பை விடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாரியில் லாச்சி இறுகிப்போவதை அறியாத வீடில்லை. அப்பொழுது பொறுமையிழந்து சீவுளி கொண்டு சீவிவிட்டால், கோடை வந்ததும் அதே லாச்சி தளர்ந்து ஆடும். இவ்வாறு மரம் அசைவதனாலேதான், கதவுச் சட்டத்தின் காடியிலே பொருத்தப்படும் நடுப்பலகைக்குத் தேர்ந்த தச்சன் பசையிடுவதில்லை. சட்டத்துக்குள் அது தாராளமாக விரியவும் சுருங்கவும் இடம் விடுகிறான்.

இனி மெருகுக்கு வருவோம். மெருகு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஈரம் மரத்துக்குள் விரைந்து புகாமலும் வெளியேறாமலும் தடுப்பதே அதன் தலையாய தொழில். ஆதலின் முகப்புக்கு மூன்று பூச்சும் முதுகுப்புறத்துக்கு ஒன்றும் இல்லாமலும் விட்டால், மறைந்த பக்கம் ஈரத்தைக் குடித்து விரிய, பூசிய பக்கம் விரியாமல் நிற்கிறது. பலகை வளைகிறது, கதவு சட்டத்தில் இடிக்கிறது. வாங்குவோர் மரத்தைப் பழிப்பர், மரமோ குற்றமற்றது. சுவரைப் பார்த்து நிற்கும் பின்பலகைக்கும், தட்டுகளின் அடிப்புறத்துக்கும், கால்களின் வெட்டுமுனைக்கும் முகப்புக்குரிய கவனம் வேண்டும். வெட்டுமுனையே ஈரத்தை மிகுதியாக உறிஞ்சும் இடமாகும்.

பூசுவதற்கு முன்னர் செய்யவேண்டுவன சில உள. ஆணிக்குழிகளை அதே மரத்தின் தூளைப் பசையிற் குழைத்து அடைக்கவேண்டும். பின்பு மரத்தின் இழையோட்டத்தை ஒட்டியே அரத்தாளால் தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் அப்போது தெரியாது, மெருகு ஏறியபின் பளிச்சென்று தெரியும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை மெல்லிய தாளால் மீண்டும் தேய்த்தால் பலகை பட்டுப்போலாகும்.

அரக்கை மதுசாரத்திற் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய படலங்களாக ஏற்றுவது பழைய முறை. ஈரக்காற்றில் இதனைப் பூசினால் மேற்பரப்பு வெளுத்து மங்கிவிடும். எனவே மாரி இதற்கு ஏற்றதன்று. சோளகம் வீசும் மாதங்களிலோ காற்று மணலை வாரிவந்து ஈரப்பூச்சில் ஒட்டிவிடும். மாசி, பங்குனியில், காலைப்பனி நீங்கி வெயில் ஏறிய வேளையே தீவகத்துக்கு உகந்தது. ஆளிவிதை எண்ணெயைப் பூசுவோர் ஒன்றை மறக்கலாகாது. அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஓலை வேய்ந்த கொட்டிலில் இதனால் விளையும் கேட்டைச் சொல்லவேண்டுவதில்லை. துணியை விரித்து உலர்த்துக; அல்லது நீரில் அமிழ்த்துக.

பிணைச்சலும் திருகாணியும் இரும்பாயின் உப்புக்காற்று அவற்றை விரைவில் துருவாக்கி, மரத்திலும் கறை படியச் செய்யும். பித்தளையே தக்கது. பித்தளை மெதுவானது, நேரே முறுக்கினால் முறியும். அளவான துளையிட்டு, முதலில் ஓர் இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி வழியமைத்து, பின்பு பித்தளையை மெழுகு தடவி முறுக்கினால் இடர் இல்லை. லாச்சி ஓடும் விளிம்புகளுக்கு மெருகு வேண்டா, மெழுகு போதும்.

1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பூட்டிக்கிடந்த வீடுகளிற் கறையானுக்கும் மழைக்கும் தப்பிய அலுமாரிகள் சிலவே. வெளிநாடுகளிலிருந்து திரும்பி வருவோர் அத்தகைய ஒன்றைக் கண்டால் புதிதாக்கும் ஆவலில் முழுவதையும் சுரண்டிவிடுதல் தகாது. முதலில் அதனைச் சுவரிலிருந்து நகர்த்தி முதுகுப்புறத்தைப் பார்க்கவேண்டும். வெறும் மரமாயிருப்பின் தூசு துடைத்து, உலர்த்தி, அப்பக்கத்துக்கே முதற்பூச்சு இடவேண்டும். முகப்பிலுள்ள பழைய அரக்குப் பூச்சு மங்கியிருந்தாலும், மதுசாரம் தொட்டால் இளகி, புதுப் பூச்சோடு ஒன்றாகிவிடும்.

சீதனமாக வந்த அலுமாரியில் தாயின் கூறைச்சேலையும் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் ஒருங்கே இருந்தன. அவற்றைக் காப்பதற்கென்று செய்யப்பட்ட பொருளைக் காக்கும் வேலையைக் கடைசி நாளில் அவசரமாக முடித்தல் ஆகாது. படகுக்கு ஏற்றுமுன் கதவைத் திறந்து பார்ப்பவர், அலுமாரியின் பின்புறத்தையும் ஒருமுறை கைவிரலால் தடவிப் பார்ப்பாராக.